வீட்டுக்கு இணையம்: கம்பியா, அலையா?

ஒரு குடும்பத்தின் மாதச் செலவுக் கணக்கில் அரிசி, பால், மின்சாரம், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றோடு இணையக் கட்டணமும் இன்று நிலையான இடத்தைப் பெற்றுவிட்டது. மாணவர் வகுப்பில் அமர்வதும், அலுவலர் கூட்டத்தில் கலந்துகொள்வதும், ஓய்வூதியர் உயிர்வாழ் சான்று அளிப்பதும் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. ஆகவே, எந்த நிறுவனத்திடமிருந்து, எந்த முறையில் இணைப்புப் பெறுவது என்பது ஒரு சிறிய பொருளாதார முடிவாகவே கருதத்தக்கது.

2022 அக்டோபர் முதல் நாளன்று நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறை அலைபேசிச் சேவை தொடங்கப்பெற்றது. அதனைத் தொடர்ந்து 2023 ஆகஸ்டில் ஏர்டெல் நிறுவனம் தில்லியிலும் மும்பையிலும், செப்டம்பரில் ஜியோ நிறுவனம் எட்டு நகரங்களிலும், கம்பி இழுக்காமலே வீட்டுக்கு இணையம் வழங்கும் சேவையைத் தொடங்கின. மாடியில் ஒரு சிறு அலைவாங்கி, வீட்டினுள் ஒரு ரூட்டர்; இவற்றைப் பொருத்தும் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். இவ்வசதியைக் கண்டு, ஏற்கெனவே கம்பிவழி இணைப்புள்ள குடும்பங்கள் பலவும் மாறலாமா என்று எண்ணத் தொடங்கியுள்ளன. இக்கட்டுரை எந்த நிறுவனத்தையும் பரிந்துரைப்பதன்று. இத்தகைய முடிவை எந்த முறையில் ஆராய்ந்து எடுப்பது என்பதை விளக்குவதே இதன் நோக்கம்.

வளர்ந்த வழி

பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. அந்நாளில் தொலைபேசிக் கம்பியின் வழியே எண்ணைச் சுழற்றி இணைப்புப் பெற வேண்டும். இணையம் இயங்கும்போது தொலைபேசி இயங்காது. 2004ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலக்கற்றையின் குறைந்த அளவாக வரையறுத்தது. 2013இல் இது 512 கிலோபிட்டாகவும், 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. தேவை எவ்வளவு விரைவாக வளர்ந்துள்ளது என்பதை இந்த மூன்று எண்களே காட்டும்.

கம்பியில்லா முறையில் வீட்டை இணைப்பதும் நமக்குப் புதியதன்று. 1990களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய ‘கார்டெக்ட்’ முறை, தொலைபேசிப் பேச்சையும் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் இணையத்தையும் ஒருசேர அலை வழியே வழங்கியது. செம்புக் கம்பி இழுக்கும் செலவைத் தவிர்த்து, சிற்றூர்களுக்குத் தொலைபேசியைக் கொண்டு செல்வதே அதன் குறிக்கோள். அக்காலத் தேவைக்கு அது ஏற்றதாயிருந்தது. ஆனால் இணையப் பக்கங்களில் படங்களும், பின்னர்த் திரைக்காட்சிகளும் நிறைந்தபோது, கிலோபிட் அளவிலான எம்முறையும் தேவைக்கு ஈடுகொடுக்க இயலாததாயிற்று.

இன்னொரு செய்தியும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டின் நடுப்பகுதியில் நாட்டில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட தரைவழித் தொலைபேசிகள் இருந்தன. கைப்பேசி பரவியபின் மக்கள் அவற்றை ஒப்படைத்துவிட்டனர். 2020இல் எஞ்சியவை ஏறத்தாழ இரண்டு கோடியே. பேசுவதற்குக் கம்பி தேவையில்லை என்ற அன்றைய முடிவு ஒவ்வொரு குடும்பத்தளவிலும் சரியானதே. ஆயினும் 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்தபோது, கம்பி இல்லாத வீடுகள் கைப்பேசியின் சிறு திரையையும், குறைந்த தரவளவையும் கொண்டே காலம் தள்ள நேர்ந்தது. இணைப்பைத் துறப்பது எளிது. மீண்டும் பெறுவது அவ்வளவு எளிதன்று என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

இரு முறைகளின் அமைப்பு

மாறுவதா வேண்டாமா என்பதை ஆராய்வதற்கு முன், இரு முறைகளும் இயங்கும் விதத்தை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

ஒளியிழை முறையில், இணைப்பகத்திலிருந்து புறப்படும் ஒரு மெல்லிய கண்ணாடி இழை, தெருமுனையில் உள்ள ஒரு பிரிப்பானில் பல கிளைகளாகப் பிரிந்து வீடுகளை அடைகிறது. நம் நாட்டில் பரவலாக உள்ள முறையில் ஓர் இழையின் மொத்தக் கொள்ளளவு, வீடுகளை நோக்கி விநாடிக்கு ஏறத்தாழ 2,488 மெகாபிட்; வீடுகளிலிருந்து வெளியே ஏறத்தாழ 1,244 மெகாபிட். இதனை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. வழியில் உள்ள பிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை. ஆகவே தெருவில் மின்தடை ஏற்பட்டாலும், வீட்டிலுள்ள கருவிக்குச் சிறு மின்கலம் இருந்தால் இணைப்பு நீடிக்கும். இழை அறுந்தால் மட்டும் முற்றிலும் நின்றுவிடும். சாலை தோண்டும்போதும், கம்பங்களில் தொங்கும் வடங்கள் கிழியும்போதும் இது நேர்கிறது. தோண்டுவோர் முன்னரே வட உரிமையாளருக்கு அறிவிப்பதற்கான செயலி ஒன்றை 2023 மார்ச்சில் மைய அரசு அறிமுகப்படுத்தியதற்கு இத்தகைய சேதங்களே காரணமாகும்.

கம்பியில்லா முறையில் வீட்டுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான கடைசித் தொலைவை மட்டும் அலை கடக்கிறது. 2022 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நடைபெற்ற ஏலத்தில் நிறுவனங்கள் ஏறத்தாழ 1.5 இலட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றைகளைப் பெற்றன. இவற்றுள் 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அதன் கொள்ளளவு சிறியது. 3,300 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய நடுத்தர அலைவரிசை தொலைவுக்கும் கொள்ளளவுக்கும் இடையே நடுநிலையானது. 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கொள்ளளவு மிகப் பெரிது. எனினும் சுவர், மரத்தின் இலைகள், கடுமழை ஆகியன அதனைத் தடுத்துவிடும். எந்த அலைவரிசையாயினும், அலைவாங்கிக்கும் கோபுரத்துக்கும் இடையே தடையற்ற நேர்ப்பார்வை இருப்பின் பயன் மிகுதி.

கோபுரம் வரையிலான எஞ்சிய தொலைவைப் பெரும்பாலும் ஒளியிழையே கடக்கிறது என்பதை மறத்தலாகாது. இழை சென்று சேராத கோபுரம், தனக்கு வரும் இணையத்தையும் மற்றொரு கோபுரத்திடமிருந்து அலை வழியாகவே பெறுகிறது. அத்தகைய கோபுரத்தால் பல வீடுகளுக்கு உயர்ந்த வேகத்தை அளிக்க இயலாது.

பங்கீட்டின் கணக்கு

இரு முறைகளுமே பகிர்ந்துகொள்ளும் முறைகள்தாம். ஆனால் பங்காளிகளின் எண்ணிக்கையில் வேறுபாடு உள்ளது. ஒளியிழையில் பங்காளிகள் எத்தனை பேர் என்பது வடிவமைப்பிலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. 32 வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தைக் கேட்டாலும், தலைக்கு 77 மெகாபிட்டுக்குக் குறையாது. அலையில் பங்காளிகளின் எண்ணிக்கை நாள்தோறும் மாறுவது. வீட்டு இணைப்புகளோடு, அப்பகுதியில் நடமாடும் கைப்பேசிகளும் அதே கொள்ளளவையே பயன்படுத்துகின்றன.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கோபுரத்தின் ஒரு பக்கத்திற்குக் கிடைக்கும் கொள்ளளவு விநாடிக்கு 1,000 மெகாபிட் என்று கொள்வோம். இரவு ஒன்பது மணிக்கு அதில் பாதியைக் கைப்பேசிகள் எடுத்துக்கொண்டால், வீடுகளுக்கு எஞ்சுவது 500 மெகாபிட். முதல் ஆண்டில் 20 வீடுகள் மட்டும் இணைந்திருந்தால், யாவரும் ஒருங்கே பயன்படுத்தும்போதும் தலைக்கு 25 மெகாபிட் கிடைக்கும். அடுத்த ஆண்டில் 50 வீடுகள் இணைந்தால் அது 10 மெகாபிட்டாகக் குறையும். நடைமுறையில் எல்லா வீடுகளும் ஒரே நொடியில் கேட்பதில்லை. எனவே உண்மையில் கிடைப்பது இதைவிட மிகுதியாகவே இருக்கும். கோபுரத்தின் கொள்ளளவில் ஒரு பகுதியை வீட்டு இணைப்புகளுக்கென ஒதுக்கிவைக்கும் தொழில்நுட்பமும், புதிய அலைக்கற்றையைச் சேர்க்கும் வாய்ப்பும் நிறுவனத்துக்கு உண்டு. ஆயினும் போக்கு எத்திசையில் செல்லும் என்பதை இக்கணக்குக் காட்டுகிறது. பொருளியலில் இதனை நெரிசலின் புறவிளைவு என்பர். புதிதாகச் சேரும் ஒருவர் தம் கட்டணத்தை மட்டுமே செலுத்துகிறார். மற்றவர்க்கு அவரால் நேரும் வேகக் குறைவுக்கு எவரும் விலை செலுத்துவதில்லை. ஆகவே, இன்று அண்டை வீட்டார் கூறும் அனுபவத்தை மட்டும் நம்பி அடுத்த ஆண்டின் நிலையை மதிப்பிடுதல் பொருந்தாது.

ஒளியிழைக்கும் குறைகள் உண்டு. உள்ளூரில் இணைப்பு வழங்கும் சிறு நிறுவனம், பிரிப்பானுக்கு அப்பால் தான் வாங்கும் மொத்த இணையத்தைக் குறைத்து வைத்திருந்தால், இழையின் கொள்ளளவு எவ்வளவாயினும் இரவில் வேகம் குறையவே செய்யும். எனவே முறையின் பெயரைக் கொண்டு மட்டும் முடிவு செய்தலாகாது.

தேவையைக் கணக்கிடுதல்

விளம்பரங்களில் வேகமே பெரிய எழுத்தில் இருக்கும். நமக்கு எவ்வளவு வேகம் தேவை என்பதை முதலில் அறிந்துகொண்டால் அவ்வெண் நம்மை மருட்டாது.

தில்லியின் துவாரகைப் பகுதியில் அடுக்குமாடி வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப்பார்ப்போம். குடும்பத் தலைவி ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே பணிபுரிகிறார். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் காணொளிக் கூட்டங்களில் கலந்துகொள்கிறார். மகன் போட்டித் தேர்வுக்காக நான்கு மணி நேரம் நேரலை வகுப்புக் கேட்கிறான். வீட்டில் இரு தொலைக்காட்சிப் பெட்டிகள் தலா மூன்று மணி நேரம் இணையம் வழியே இயங்குகின்றன. காணொளிக் கூட்டத்திற்கு வரும் திசையில் 3 மெகாபிட்டும் செல்லும் திசையில் 3 மெகாபிட்டும், வகுப்பிற்கு வரும் திசையில் 3 மெகாபிட்டும், தெளிவான தொலைக்காட்சிக் காட்சிக்கு 5 மெகாபிட்டும் வேண்டும் என்று கொள்வோம். எல்லாம் ஒருங்கே நடந்தாலும், 3 + 3 + 5 + 5 எனப் பதிவிறக்கத் தேவை 16 மெகாபிட். கைப்பேசிகளையும் சேர்த்தால் 20. பதிவேற்றத் தேவை 4 அல்லது 5 மெகாபிட். பாதுகாப்புக்காக இதனை இரட்டித்தாலும், 40 மெகாபிட் பதிவிறக்கமும் 10 மெகாபிட் பதிவேற்றமும் இக்குடும்பத்துக்குப் போதுமானவை. விளம்பரத்தில் காணும் 300 மெகாபிட் இவர்களுக்குத் தேவையற்றது. இரவு ஒன்பது மணிக்கும் குறையாத 40 மெகாபிட்டே தேவை.

இங்குப் பதிவேற்றத்தைத் தனியே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஒளியிழைத் திட்டங்கள் பலவற்றில் இரு திசை வேகமும் சமம். அலை முறையில் பதிவேற்ற வேகம் பொதுவாகப் பதிவிறக்கத்தைவிடக் குறைவு. திரைப்படம் பார்ப்பவருக்கு இக்குறை தெரியாது. கூட்டத்தில் பேசுபவரின் குரலும் முகமும் உடைவது இதனால்தான். மேற்கண்ட குடும்பத்தில் தலைவியின் ஊதியமே பதிவேற்ற வேகத்தைச் சார்ந்துள்ளது.

அடுத்தது மாதத் தரவளவு. விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் செலவாகும் தரவு 2.25 கிகாபைட். இரு பெட்டிகளும் மாதத்தில் 180 மணி நேரம் இயங்கினால் 405 கிகாபைட். மாதம் 25 நாள் வகுப்புக்கு 100 மணி நேரத்தில் 135 கிகாபைட். இரு திசையும் சேர்ந்த கூட்டங்களுக்கு 100 மணி நேரத்தில் 270 கிகாபைட். ஆக மொத்தம் 810 கிகாபைட். கைப்பேசிகளின் பயன்பாட்டையும் மென்பொருள் புதுப்பித்தலையும் சேர்த்தால் இது 900ஐத் தாண்டக்கூடும். ஒரு திட்டத்தின் மாத எல்லை 1,000 கிகாபைட் எனில், இக்குடும்பம் அவ்வெல்லையின் விளிம்பில் நிற்கிறது. எல்லையைக் கடந்தபின் வேகம் எவ்வளவாகக் குறைக்கப்படும் என்பதை ஒப்பந்த நிபந்தனைகளில் படித்தறிதல் அவசியம்.

செலவுக் கணக்கு

இனி விலையைக் காண்போம். கீழ்க்காணும் தொகைகள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. 18 விழுக்காடு சரக்கு சேவை வரி மட்டும் நடைமுறையில் உள்ளது. பழைய கம்பி இணைப்புக்கு மாதம் ரூ. 700, வரியுடன் ரூ. 826. புதிய கம்பியில்லா இணைப்புக்கு மாதம் ரூ. 600, வரியுடன் ரூ. 708. மாதச் சேமிப்பு ரூ. 118.

மாறுவதற்கு ஒருமுறைச் செலவும் உண்டு. பொருத்துக் கட்டணம் ரூ. 1,000, வரியுடன் ரூ. 1,180. புதியது சரிவர இயங்குவதை உறுதிசெய்யும் வரை பழையதை ஒரு மாதம் நிறுத்தாமல் வைத்திருக்கச் செலவு ரூ. 826. மொத்தம் ரூ. 2,006. மாதம் ரூ. 118 வீதம் இத்தொகையை ஈடுசெய்ய 17 மாதங்கள் ஆகும். அதற்குள் கட்டணம் உயர்ந்தாலோ, கோபுரத்தில் நெரிசல் மிகுந்து மீண்டும் மாற நேர்ந்தாலோ, சேமிப்பு என்பதே இல்லாது போகும். பொருத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் சலுகைகள் பெரும்பாலும் ஆறு மாத அல்லது ஓராண்டுத் தொகையை முன்னதாகச் செலுத்துவோருக்கே கிடைக்கின்றன. முன்பணம் செலுத்தியவர் சேவை பிடிக்காவிடினும் விலகத் தயங்குவார். ஆகவே அத்தள்ளுபடிக்கும் ஒரு விலை உண்டு.

இதற்கு நேர்மாறான தவறும் நிகழ்வதுண்டு. பழைய இணைப்புக்கு முன்னர்ச் செலவழித்த பொருத்துக் கட்டணத்தையும் வாங்கிய கருவியின் விலையையும் எண்ணி, மோசமான சேவையையே பொறுத்துக்கொள்வோர் உளர். சென்ற செலவு மீளாது. வருங்காலச் செலவையும் பயனையும் மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பது பொருளியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் விதி. திரும்பப் பெறத்தக்க வைப்புத்தொகை மட்டும் இதற்கு விலக்கு. அதனைக் கேட்டுப் பெற வேண்டும்.

கணக்கில் எளிதில் அடங்காத செலவுகளும் உள்ளன. பழைய தரைவழித் தொலைபேசி எண் வங்கியிலும் உறவினரிடமும் பதிவாகியிருக்கலாம். அது புதிய நிறுவனத்திலும் தொடருமா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி முதல் நாடெங்கும் உள்ளது. இதனைக் கொண்டு எல்லா இணைப்புக்கும் அவ்வாறே என்று கருதிவிடலாகாது. மாடியில் அலைவாங்கி பொருத்த வீட்டு உரிமையாளரின் அல்லது குடியிருப்போர் சங்கத்தின் இசைவு தேவைப்படலாம். அரசு குடியிருப்புகளில் வாழ்வோர் இடமாற்றம் வரும்போது இணைப்பை எடுத்துச் செல்ல இயலுமா என்பதையும் எண்ண வேண்டும். இந்த ஒன்றில் கம்பியில்லா இணைப்புக்கே பொதுவாக வசதி மிகுதி.

சோதித்து அறியும் முறை

மாற விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது, பழைய இணைப்பின் குறை எங்கே உள்ளது என்பதைக் கண்டறிதலாகும். வேகம் குறைவதற்குப் பல வீடுகளில் காரணம், ரூட்டர் ஒரு மூலையிலோ அலமாரிக்குள்ளோ வைக்கப்பட்டிருப்பதும், தடித்த சுவர்கள் அதன் அலையைத் தடுப்பதுமே. கணினியை ஒரு கம்பியால் ரூட்டரோடு நேரே இணைத்து அளந்து பார்த்தால் உண்மை தெரியும். கம்பியில் வேகம் சரியாகவும் அறையில் குறைவாகவும் இருந்தால், குறை வீட்டுக்குள் உள்ளது. நிறுவனத்தை மாற்றினாலும் அக்குறை உடன் வரும். ரூட்டரை வீட்டின் நடுவே இடம் மாற்றினால் செலவின்றித் தீரும்.

குறை வெளியே உள்ளது என உறுதியானபின், புதிய இணைப்பைப் பெற்று, பழையதை நிறுத்தாமல், இரண்டையும் ஒரு வாரம் ஒப்பிடலாம். நாளொன்றுக்குக் காலை ஏழு மணி, பிற்பகல் இரண்டு மணி, இரவு ஒன்பது மணி என மூன்று முறை அளந்து, ஏழு நாட்களில் 21 அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இதில் கட்டாயம் அடங்க வேண்டும். மழைக்காலத்தில் அளக்கக் கிடைத்தால் இன்னும் நன்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘மைஸ்பீட்’ செயலி இதற்கு உதவும். ஒவ்வொரு முறையும் பதிவிறக்கம், பதிவேற்றம், தாமதம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். தாமதம் என்பது ஒரு செய்தி சென்று திரும்ப எடுக்கும் காலம். இது ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளில் அளக்கப்படும். தாமதம் கூடியும் குறைந்தும் அலைபாயுமானால், வேகம் மிகுதியாயினும் உரையாடல் தடைப்படும்.

அளந்தபின் சராசரியை எடுத்தல் பயன் தராது. காலையில் 200 மெகாபிட்டும் இரவில் 8 மெகாபிட்டும் கிடைத்தால், சராசரி 104 என்று வரும். இரவில் தேர்வு எழுதும் மாணவனுக்கு அச்சராசரியால் பயனில்லை. 21 அளவுகளையும் ஏறுவரிசையில் அடுக்கி, கீழிருந்து மூன்றாவதாக உள்ளதைக் கொள்ளலாம். அது நம் தேவையைவிட மிகுதியாயின் இணைப்பு ஏற்கத்தக்கது. இம்முறையில் இரு இணைப்புகளையும் ஒப்பிட்டு, கடைநிலை அளவு எதில் உயர்ந்ததோ அதனைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் தேவையை நிறைவு செய்தால் விலை குறைந்ததைக் கொள்ளலாம்.

சேவையில் குறை நேர்ந்தால் முறையிடும் வழியும் தெரிந்திருக்க வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் புகார் மையத்தையும் மேல்முறையீட்டு அதிகாரத்தையும் அமைத்தல் வேண்டும். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது முதற்கடமை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தொலைத்தொடர்பும் ஒரு சேவையாகக் குறிக்கப்பட்டுள்ளது. நுகர்வோர் ஆணையங்கள் இத்தகைய வழக்குகளை விசாரிக்கலாம் என்பதை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. அளவுகளைக் குறித்த நாள்வாரிப் பட்டியல் அப்போது சான்றாகவும் பயன்படும்.

எவருக்கு எது பொருந்தும்

இதுவரை கூறியவற்றிலிருந்து சில பொது முடிவுகளைப் பெறலாம். நல்ல ஒளியிழை இணைப்பு உள்ள வீட்டில், மாதம் நூறு ரூபாய் சேமிப்புக்காக மட்டும் மாறுவதற்கு நியாயம் குறைவு. பழைய செம்புக் கம்பி இணைப்போ, அடிக்கடி அறுபடும் வடமோ உள்ள வீட்டில், கோபுரம் அருகிலும் நேர்ப்பார்வையிலும் இருப்பின், மாறுவது நன்மை தரக்கூடும். இழையே செல்லாத மலைச்சரிவுகளிலும், புதிதாக எழுந்த புறநகர்களிலும், வாடகைக்குச் சில மாதங்களே தங்கும் வீடுகளிலும் கம்பியில்லா இணைப்பு மெய்யான வரப்பிரசாதம் எனலாம். அங்கே ஒப்பீடு, கம்பிக்கும் அலைக்கும் இடையிலானதன்று. இணையம் உள்ளதற்கும் இல்லாததற்கும் இடையிலானது. வீட்டிலிருந்து ஈட்டும் வருவாயே இணைப்பைச் சார்ந்துள்ள குடும்பங்கள், ஒன்றை முதன்மையாகவும் கைப்பேசித் தரவை மாற்றேற்பாடாகவும் கொள்வது விவேகம்.

பொது நிறுவனங்களுக்கு

குடும்பத்துக்குக் கூறிய முறை, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றுக்கு இணைப்புத் தேர்ந்தெடுக்கும் அலுவலருக்கும் பொருந்தும். ஆனால் அவர்தம் பொறுப்பு மிகுதி. வீட்டில் தவறான முடிவால் ஒரு குடும்பம் தொல்லையுறும். சுகாதார நிலையத்தில் இணைப்பு நின்றால், தொலைவிலுள்ள மருத்துவரின் ஆலோசனைக்காக வந்து காத்திருக்கும் நோயாளிகள் அனைவரும் திரும்பிச் செல்ல நேரும். ஆகவே விலைப்புள்ளி கோரும்போது உச்ச வேகத்தைக் குறிப்பிடுவதோடு நில்லாமல், பணி நேரத்தில் குறையாத வேகம், பதிவேற்ற அளவு, பழுது நீக்கும் கால எல்லை ஆகியவற்றையும் நிபந்தனைகளாகச் சேர்த்தல் வேண்டும். மிகக் குறைந்த விலை கூறியவருக்கே அளிப்பது என்ற மரபு, இந்நிபந்தனைகள் இல்லாதபோது மிக மோசமான இணைப்பையே நமக்குத் தேடித்தரும்.

கொள்கை அளவிலும் ஒன்றை எண்ண வேண்டும். கம்பியைப் பதிக்கும் செலவு பெரிது. பதித்தபின் ஒவ்வொரு கூடுதல் வீட்டையும் இணைக்கும் செலவு சிறிது. ஒரு தெருவில் பாதி வீடுகள் விலகினால், எஞ்சிய வீடுகளின் மேல் பராமரிப்புச் சுமை கூடும். காலப்போக்கில் நிறுவனம் அத்தெருவைக் கைவிடவும் கூடும். தரைவழித் தொலைபேசிக்கு நேர்ந்தது இதுவே. இதன் பொருட்டே, அலை எளிதாகக் கிடைக்கும் இக்காலத்திலும் இழைக்குப் பொதுப்பணம் செலவிடப்படுகிறது. 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டம், ஊராட்சிகளுக்கு ஒளியிழையைக் கொண்டு செல்வது. 2023 ஆகஸ்டில் ரூ. 1,39,579 கோடி மதிப்பீட்டில் திருத்தியமைக்கப்பட்ட வடிவில், அது ஏறத்தாழ 2.64 இலட்சம் ஊராட்சிகளை, ஓரிடத்தில் இழை அறுந்தாலும் மறுபக்கத்தால் இணைப்பு நீடிக்கும் வளைய அமைப்பில் இணைக்க முனைகிறது. அவ்விழை ஊரை அடைந்தால், அங்குள்ள கோபுரமும் அதனால் வலுப்பெறும். கம்பியில்லா இணைப்பின் தரமும் உயரும். ஆகவே இவ்விரு முறைகளையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதுதல் சரியன்று.

தேவையை முதலில் கணித்தல், கடைநிலை நேரத்தில் அளத்தல், மாறும் செலவையும் திரும்பும் செலவையும் கூட்டிப் பார்த்தல், புதியது உறுதிப்படும் வரை பழையதைத் துறவாதிருத்தல் ஆகிய இந்நான்கையும் கைக்கொண்டால், எத்தொழில்நுட்பம் வரினும் தேர்வு செம்மையாக அமையும். இவற்றுக்குத் தேவையானவை ஒரு தாளும், ஒரு வாரப் பொறுமையும், சிறிது கூட்டல் கழித்தலுமே. துவாரகைக் குடும்பத்துக்கு இது மாத ஊதியத்தின் பாதுகாப்பு; ஊராட்சிப் பள்ளியின் மாணவருக்கோ இது தடையின்றி முடியும் ஒரு பாடவேளை.